மூன்று விரல் போனது, முத்திரைத்தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்: இனி வழக்குப் போட முடியுமா?

வாசகர் கடிதம்: ஐயா, வணக்கம். நாங்கள் தாராவியில் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் கணவர் சாக்கிநாக்காவில் ஒரு காலாவில் (சிறு பட்டறையில்) ஆறு வருடமாகப் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) ஓட்டினார். 2024 ஜூன் 18 அன்று, பெடலை விட்ட பிறகும் பிரஸ் மறுபடி இறங்கி, வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் அடியோடு போய்விட்டன. சுண்டுவிரல் இருக்கிறது, மடங்கவில்லை. அப்போது அவருக்கு வயது 35. சம்பளம் 18,000 ரூபாய். பாதி முதலாளி சேட்டின் மகன் ஜிபேயில் போடுவார், பாதி கையில். முதலில் மாநகராட்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டு, அன்று இரவே ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்கு மாற்றினார்கள். அங்கே 1,40,000 ரூபாய் பில்லைச் சேட் கட்டினார். டிஸ்சார்ஜ் கார்டில் 'வீட்டுப் படிக்கட்டில் விழுந்தார்' என்று இருக்கிறது. நான்கு மாதம் 8,000 வீதம் தந்தார்கள். பிறகு 75,000 ரூபாய் கொடுத்து, 'எல்லாம் பைசல்' என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டாவது ஆபரேஷனுக்கு நாங்களே 26,000 செலவழித்தோம். இப்போது கேட்டால், 'மெஷினில் கை மாட்டாமல் தடுக்கும் கார்டை (guard) அவரே கழற்றினார், அவர் கான்ட்ராக்டர் ஆள்' என்கிறார்கள். ஏழு பேர் வேலை செய்யும் இடம். சீசனில் மூன்று நான்கு பேர் கூடுவார்கள். ஊருக்கே போய்விடலாம் என்கிறார் அவர். அங்கிருந்து வழக்கு நடத்த முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த முத்திரைத்தாளைப் பார்த்துவிடுவோம். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் தயங்கியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. 1923ஆம் வருடத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்தோ குறைத்துக்கொண்டோ எழுதித்தரும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது. நோட்டரி முத்திரை குத்தியிருந்தாலும் செல்லாததுதான். பேசி ஒரு தொகையில் முடித்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அப்படி முடித்தால், 28ஆவது பிரிவுப்படி அந்த உடன்பாட்டின் குறிப்பை முதலாளிதான் இழப்பீட்டு ஆணையருக்கு (இந்தச் சட்டத்தின்கீழ் வழக்கை விசாரிப்பவர்) அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது, ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியது என்று தெரிந்தால் ஆணையர் பதிவு செய்ய மறுக்கலாம். காலாக்களில் எழுதப்படும் 'பைசல்' தாள்கள் ஆணையரிடம் போவதே இல்லை. உங்கள் சேட்டும் அனுப்பியிருக்க மாட்டார்.

அனுப்பாததற்குச் சட்டம் ஒரு விலை வைத்திருக்கிறது, 29ஆவது பிரிவில். முழு இழப்பீட்டையும் அவர் கட்ட வேண்டும். ஏற்கனவே இழப்பீடாகக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ள முடியாது, ஆணையர் வேறுமாதிரி உத்தரவிட்டால் ஒழிய. 75,000, மாதாமாதம் தந்த 32,000 இரண்டும் சேர்த்து 1,07,000. அதில் அதிகபட்சம் 53,500தான் கழியும். நர்சிங் ஹோம் பில் 1,40,000 இந்தக் கணக்கிலேயே வராது. வைத்தியத்துக்குக் கொடுத்தது இழப்பீடு ஆகாது என்று 4ஆவது பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. 'ரெண்டரை லட்சம் செலவழித்துவிட்டேன்' என்று சேட் சொன்னால், அதை நீங்கள் மனதில்கூடக் கழிக்க வேண்டாம். நீங்கள் செலவழித்த 26,000 ரூபாயை 4(2அ) பிரிவின்கீழ் திருப்பிக் கேட்கலாம். பில் உங்கள் கணவர் பெயரில் இருக்க வேண்டும், மருந்துக்கடைச் சீட்டுக்குப் பின்னால் டாக்டர் சீட்டும் இருக்க வேண்டும்.

அடுத்தது, நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் 'சீசனில் மூன்று நான்கு பேர் கூடுவார்கள்' என்ற வரி. என்னைப் பொறுத்தவரை கடிதத்திலேயே ஆபத்தான வரி அதுதான். விபத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாள் பத்துப் பேர் வேலை செய்திருந்தாலும் அந்த இடம் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின்கீழ், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ், வந்துவிடும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் உங்கள் கணவரும் அதற்குள் வருவார். வந்துவிட்டால், அந்தச் சட்டத்தின் 53ஆவது பிரிவு இழப்பீட்டு ஆணையரிடம் போகும் வழியை அடைத்துவிடுகிறது. சேட் ஒரு பைசா சந்தா கட்டவில்லையே என்பது பதில் ஆகாது. சந்தா 'கட்டப்பட வேண்டியிருந்தாலே' அவர் காப்பீடு பெற்றவர்தான் என்று பாரகத் இன்ஜினியரிங் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காப்பீட்டுக் கம்பெனி வக்கீல்கள் இதை முதல் வாய்தாவில் சொல்ல மாட்டார்கள். சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து, உங்கள் சாட்சியே 'சீசனில் பன்னிரண்டு பேர் இருந்தோம்' என்று பெருமையாகச் சொன்ன பிறகு எடுப்பார்கள். அதற்குள் இரண்டு வருடம் ஓடியிருக்கும்.

ஆகவே இதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். லோயர் பரேலில் உள்ள ஈ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்துக்கு, கம்பெனி பெயர், முகவரி, விபத்து நாள், வேலை செய்தவர்கள் எண்ணிக்கை எல்லாம் எழுதி, இந்த நிறுவனம் பதிவாகியிருக்கிறதா, இல்லையென்றால் விசாரித்துச் சேர்க்க வேண்டும் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். நகலில் ரசீது முத்திரை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் அதே கேள்வி. 'இந்த நிறுவனம் வரம்புக்குள் இல்லை' என்று அவர்கள் எழுதித் தந்தால், ஆணையர் முன்னால் உங்களுக்கு அது பெரிய ஆயுதம். 'உள்ளே வருகிறது' என்றால் வருத்தப்படவும் வேண்டாம். வேலையில் பட்ட காயத்துக்கு ஈ.எஸ்.ஐ. மொத்தத் தொகையாகத் தராமல் ஆயுள் முழுக்க மாதத் தொகையாகத் தரும்: தினசரிச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம், அதில் மருத்துவக் குழு சொல்லும் சதவீதம். உங்கள் கணவருக்கு 30 சதவீதம் என்று வைத்தால் தோராயமாக மாதம் 4,800 ரூபாய்ப் பக்கம். அதோடு வைத்தியமும் உண்டு.

ஆனால் ஈ.எஸ்.ஐ. பதிலுக்காகக் காத்திருந்து காலக்கெடுவைக் கோட்டை விடாதீர்கள். ஆணையரிடம் மனு விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். உங்கள் கணக்கில் அது 2026 ஜூன் நடுவோடு முடிகிறது. தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம், கிடைப்பதும் உண்டு. இருந்தாலும் முதல் சண்டையே அதுவாக இருக்க வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதே, பழைய சட்டம் செல்லுமா என்று யாராவது குழப்பலாம். இழப்பீட்டு உரிமை விபத்து நடந்த நாளிலேயே பிறந்துவிடுகிறது என்று பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கிலும் (1976), எந்த விகிதம் என்பதும் அந்த நாளை வைத்துத்தான் என்று வல்சலா வழக்கிலும் (1999) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கணக்குக்கு 2024 ஜூனில் இருந்த சட்டமே அளவுகோல்.

இனி பணக் கணக்கு. நிரந்தர முழு இயலாமைக்கு: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய்வரைதான் எடுப்பார்கள். 2020 ஜனவரியில் வந்த அறிவிக்கை அது. 15,000இல் 60 சதவீதம் 9,000. நான்காம் அட்டவணையில் 35 வயதுக்குக் காரணி 197.06. பெருக்கினால் 17,73,540 ரூபாய். இது முழு இயலாமைக்கு. பகுதி இயலாமை என்றால், இந்தத் தொகையில் முதல் அட்டவணை சொல்லும் சதவீதம். ஒரு கையில் மூன்று விரல் போனால் 30 சதவீதம். ஆக 5,32,062 ரூபாய். விரல் விரலாகக் கூட்டினால் ஆள்காட்டிக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கு 7 என்று 33 வரும். ஆனால் மூன்று விரலுக்கென்றே தனி வரி இருப்பதால் எதிர்த்தரப்பு 30ஐத்தான் பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் பிடிக்க வேண்டியது சுண்டுவிரலை. அதே அட்டவணையில் நான்கு விரலும் போனால் 50 சதவீதம். அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது: ஓர் உறுப்பு உடம்பில் ஒட்டியிருந்தாலும், அதன் பயன்பாடு முழுமையாகவும் நிரந்தரமாகவும் போய்விட்டால், அந்த உறுப்பே போனதாகத்தான் கொள்ள வேண்டும். உங்கள் கணவரின் சுண்டுவிரல் மடங்கவே இல்லை, இனியும் மடங்காது என்று மருத்துவச் சாட்சியம் நின்றால், மூன்று விரல் நான்கு விரலாகிறது. 5,32,062 என்பது 8,86,770 ஆகிறது. மூன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம், ஒரு விரலின் மூட்டில் இருக்கிறது.

அதனால் சான்றிதழ் எப்படி எழுதப்படுகிறது என்பதில் கவனமாக இருங்கள். 'சுண்டுவிரலில் விறைப்பு உள்ளது' என்று ஒரு வரி எழுதினால் பயனில்லை. ஒவ்வொரு மூட்டும் எத்தனை டிகிரி அசைகிறது, தானாக அசைத்தால் எவ்வளவு, டாக்டர் பிடித்து அசைத்தால் எவ்வளவு, தசைநாண் அறுந்ததா, நரம்பு போனதா, இன்னொரு ஆபரேஷனாலோ பிசியோதெரப்பியாலோ தேறுமா, வலது கையின் பிடி இடது கையோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று எழுத வேண்டும். எக்ஸ்ரேயும் புதிதாக எடுத்து இணைக்க வேண்டும். விரல் கொஞ்சமாவது மடங்கினால் 'முழுமையான' இழப்பு ஆகாது. அப்போது அதை அட்டவணையில் இல்லாத காயமாக, டாக்டர் மதிப்பிடும் சம்பாதிக்கும் திறன் இழப்பாகத்தான் கேட்க முடியும். அதுவும் லாபந்தான், 50 வராது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளி அட்டையில் வரும் சதவீதம் வேறு, இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்கும் 'சம்பாதிக்கும் திறன் இழப்பு' வேறு. முன்னது உடம்பை அளக்கிறது. பின்னது அந்த உடம்பால் இனி எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்பதை அளக்கிறது. அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், பல விஷயத்துக்கு உதவும். ஆனால் அதை மட்டும் கோர்ட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போதாது. டாக்டர் கூண்டில் ஏறித் தன் கையெழுத்தை நிரூபித்துக் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். கோர்ட் வாசலில் பணத்துக்கு எழுதிக்கொடுக்கும் டாக்டரை, 'இவருக்கு நீங்கள் வைத்தியம் பார்த்தீர்களா?' என்ற ஒரே கேள்வியில் எதிர்த்தரப்பு முடித்துவிடும். ஆபரேஷன் செய்த டாக்டர் வர ஒத்துக்கொண்டால் அவர்தான் நல்லது. இல்லாவிட்டால் அரசு அல்லது மாநகராட்சி மருத்துவமனையின் எலும்பு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு.

முழு இயலாமை, அதாவது 17,73,540 கேட்கலாமா? கேட்கலாம், கிடைக்கும் என்று வாக்குத் தர மாட்டேன். முன்னே சொன்ன 1976ஆம் வருடத் தீர்ப்பில் இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சருக்கு, அவரால் இனித் தச்சு வேலை பார்க்க முடியாது என்பதால் 100 சதவீதம் சரி என்றார்கள். கால் போன டாங்கர் டிரைவருக்கும் ஜனார்தன் வழக்கில் (2008) அப்படியே. பிரஸ் ஆபரேட்டருக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டுமே உருப்படியாக இருக்கிறது என்பது வலுவான வாதம். எதிர்த்தரப்பு, 'வாட்ச்மேன் வேலை பார்க்கலாமே, டெலிவரி வேலை பார்க்கலாமே' என்று கேட்கும். மனுவில் முதல் கோரிக்கை முழு இயலாமை, இல்லையேல் 50, அதுவும் இல்லையேல் 30 என்று படிப்படியாக எழுதுவதே என் ஆலோசனை. 30 மட்டும் எழுதிவிட்டுப் பிற்பாடு ஏற முயன்றால் கஷ்டம்.

இதற்கிடையில் அவர் ஏதாவது வேலைக்குப் போனால் வழக்கு கெட்டுவிடுமோ என்று பலர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அட்டவணையில் உள்ள காயத்துக்கு இயலாமை உண்டு என்று சட்டமே கொள்வதால், வேலைக்குப் போனாலும் அந்த 30 போகாது. அதற்கு மேல் கேட்பதற்குத்தான், பழைய சம்பளமே வாங்கினால், இடிக்கும். குறைந்த சம்பளத்துக்குப் போனால் அந்தச் சம்பளச் சீட்டே உங்களுக்குச் சாட்சி.

டிஸ்சார்ஜ் கார்டில் உள்ள 'வீட்டுப் படிக்கட்டு' மும்பையில் நாள்தோறும் நடக்கும் வேலை. கூட்டிவருபவர் சூப்பர்வைசர், பணம் கட்டுபவர் முதலாளி. வலியில் கிடப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. அதைத் திருத்தித் தாருங்கள் என்று இப்போது நர்சிங் ஹோமோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதற்கு முன்னால் போன மாநகராட்சி மருத்துவமனைக்குப் போங்கள். விபத்துப் பிரிவில் அன்றைய கேஸ் பேப்பரும் மெடிக்கோ-லீகல் பதிவும் (சட்டத் தேவைக்காக எழுதிவைக்கும் காயக் குறிப்பு) இருக்கும். அவசரத்தில் கொண்டுவந்தபோது கதை ஜோடிக்க நேரம் இருந்திருக்காது, பெரும்பாலும் 'மெஷினில் கை மாட்டியது' என்றுதான் எழுதியிருப்பார்கள். பதிவேட்டுப் பிரிவில் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். தராவிட்டால் ஆணையர் சம்மன் அனுப்பி வரவழைக்க முடியும். காயமும் பேசும். படிக்கட்டில் விழுந்தால் மணிக்கட்டு முறியும். மூன்று விரல் ஒரே கோட்டில் நசுங்கித் துண்டாகாது. நர்சிங் ஹோமின் ஆபரேஷன் குறிப்பில் காயத்தின் விவரம் இருக்கும். ஆபரேஷன் செய்தவரைக் கூண்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

'அவரே கார்டைக் கழற்றினார்' என்பது எல்லாப் பிரஸ் வழக்கிலும் வரும் பதில். சாதாரணக் கவனக்குறைவு இந்தச் சட்டத்தில் எதிர்வாதமே கிடையாது. தொழிலாளியின் பாதுகாப்புக்காக வைத்தது என்று தெரிந்தே, வேண்டுமென்று அவர் கழற்றினார் என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். மரணமோ நிரந்தர முழு இயலாமையோ என்றால் அந்த வாதமும் எடுபடாது. நடைமுறையில் கார்டைக் கழற்றுவது டை (அச்சு) மாற்றுபவர். ஸ்பானர் அவரிடம்தான் இருக்கும். கார்டு இருந்தால் பீஸ் எடுக்க நேரம் பிடிக்கும், உற்பத்தி குறையும் என்று திரும்ப மாட்டாமலேயே விடுவார்கள். குறுக்கு விசாரணையில் சூப்பர்வைசரிடம் வரிசையாகக் கேட்க வேண்டியது: கார்டு எப்போது வாங்கினீர்கள், பில் இருக்கிறதா, டை செட் செய்தவர் யார், கார்டு இல்லாமல் ஓட்டுவதைப் பார்த்து எச்சரித்து எழுதிய கடிதம் எங்கே? பெடலை விட்ட பிறகும் பிரஸ் இறங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பது முக்கியம். பழைய மெக்கானிக்கல் பிரஸ்ஸில் கிளட்ச் கீ தேய்ந்தால் இப்படி இரட்டை அடி அடிக்கும். விபத்துக்கு முன்போ பின்போ மெக்கானிக்கை வரவழைத்தார்களா, என்ன மாற்றினார்கள் என்று கூட வேலை செய்தவர்களிடம் கேட்டு வையுங்கள். மெஷின் பழைய இரும்புக்குப் போவதற்குள் யாரிடமாவது போட்டோ இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்டர் விஷயத்துக்கு 12ஆவது பிரிவு. தன் தொழிலின் பாகமான வேலையை, தன் இடத்தில் வேறொருவர் மூலம் செய்வித்தாலும் முதன்மை முதலாளி பொறுப்பு. கட்டிவிட்டு அவர் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். இருவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். மின்சார இயந்திரம் ஓடும் உற்பத்திக்கூடம் என்பதால் ஏழு பேர் மட்டுமே என்றாலும் சட்டம் பொருந்தும்.

வேலை செய்ததற்கு ஆதாரம்: ஜிபே வரவு. போன் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. ஆறு வருடத்து வங்கிக் கணக்கு அறிக்கையை வங்கி முத்திரையோடு வாங்கி, சேட் மகன் பெயரில் மாதாமாதம் வந்த தொகைகளுக்குக் கோடு போடுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்திகளை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை வக்கீல் தயார் செய்வார். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் எழுதி வாங்கிய முத்திரைத்தாளே உங்களுக்கு நல்ல சாட்சி. 'எங்கள் கம்பெனியில் வேலை செய்யும்போது' என்று அதில் ஒரு வரி இருந்தால், 'எங்கள் ஆளே இல்லை' என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. நகல் உங்களிடம் இல்லையென்றால், அதைத் தாக்கல் செய்யச் சொல்லி ஆணையரிடம் மனுப் போடலாம்.

கம்பெனி பெயரைச் சரியாகப் பிடியுங்கள். பலகையில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், காலா வாடகை மனைவி பெயரில் என்று இருக்கும். தவறான பெயரில் உத்தரவு வாங்கினால் வசூலிக்கப் போகும்போது 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்பார்கள். டெலிவரி செலான் ஒன்று கிடைத்தால் அதில் ஜி.எஸ்.டி. எண் இருக்கும், ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர் வந்துவிடும்.

மனுவுக்கு முன்னால் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். விபத்து சேட்டுக்குத் தெரிந்ததே, நோட்டீஸ் இல்லையென்பதால் உரிமை போகாது. ஆனால் தகராறு எழுந்து, பேசித் தீரவில்லை என்றால்தான் ஆணையரிடம் மனுவே போட முடியும் என்று 22ஆவது பிரிவு சொல்கிறது. நோட்டீஸும் அவர்கள் மறுப்பும் அதற்குச் சாட்சி. காப்பீட்டு பாலிசி இருக்கிறதா, எண் என்ன என்று நோட்டீஸிலேயே கேளுங்கள். மும்பையில் இழப்பீட்டு ஆணையராக உட்காருபவர் பாந்த்ராவில் உள்ள தொழிலாளர் நீதிமன்ற நீதிபதி. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. வருடக்கணக்கில் ஓடும் என்று எதிர்பார்த்து மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் சாட்சியம் ஆங்கிலத்தில் அபிடவிட்டாக (பிரமாணப் பத்திரமாக) தயாராகும். அதை வரிக்கு வரி தமிழில் சொல்லக் கேட்காமல் அவர் கையெழுத்துப் போடக் கூடாது. அபிடவிட்டில் 'காலை 11 மணி' என்றிருக்க, கூண்டில் 'சாப்பாட்டுக்கு அப்புறம்' என்று சொன்னால், அந்த ஒரு முரண்பாட்டை வைத்து முழுச் சம்பவத்தையும் சந்தேகிக்க வைப்பார்கள். இந்தியில் சமாளிப்பார் என்று விடாதீர்கள். தமிழில்தான் சொல்வேன், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

வட்டியும் அபராதமும் மனுவிலேயே கேட்கப்பட வேண்டும். வருடத்துக்கு 12 சதவீத வட்டி, விபத்து நாளிலிருந்து. 5,32,062க்கு வருடத்துக்கு 63,847 ரூபாய். காரணமில்லாமல் கட்டாமல் இருந்ததற்கு 50 சதவீதம்வரை அபராதமும் போடலாம். காப்பீட்டுக் கம்பெனி இருந்தால் அசலும் வட்டியும் அவர்கள் தலையில் விழும், பாலிசியில் வட்டியை விலக்கியிருந்தால் தவிர. அபராதம் முதலாளியின் சொந்தப் பையிலிருந்துதான் என்று வேத் பிரகாஷ் கர்க் வழக்கில் (1997) தீர்ந்துவிட்டது. சமரசப் பேச்சு வரும்போது சேட்டைக் கொஞ்சம் அசைக்கக்கூடியது இந்த அபராதம் ஒன்றுதான்.

உத்தரவு வந்தபின் அவர்கள் உயர் நீதிமன்றம் போகலாம், 60 நாளுக்குள். ஆனால் முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிச் சான்றிதழ் வாங்கினால்தான் முதலாளியின் மேல்முறையீடு ஏற்கப்படும், அதுவும் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான். வயது, சம்பளம், சதவீதம் போன்ற உண்மை விவரங்களில் ஆணையர் சொல்வதே கடைசி வார்த்தை என்று கொல்லா ராஜண்ணா வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் சொன்னது. இது இரண்டு பக்கமும் வெட்டும். டாக்டர் சாட்சியம் கீழே சொதப்பினால் மேலே போய்ச் சரிசெய்ய முடியாது. கட்டவே இல்லையென்றால் நிலவரிப் பாக்கிபோல் கலெக்டர் மூலம் வசூலிக்க 31ஆவது பிரிவில் வழி இருக்கிறது.

கடைசியாக, ஊருக்குப் போவது. 21ஆவது பிரிவுப்படி விபத்து நடந்த இடத்திலும் மனுப் போடலாம், தொழிலாளி வழக்கமாக வசிக்கும் இடத்திலும் போடலாம். திருநெல்வேலியில் குடியேறிவிட்டால் அங்கே தொழிலாளர் துணை ஆணையரிடம் போட முடியும். மும்பை ஆணையருக்கு அங்கிருந்து அறிவிப்புப் போகும். தமிழிலேயே பேசலாம், செலவும் குறையும். ஆனாலும் மும்பையில் போடுவதே மேல் என்பேன். மாநகராட்சி மருத்துவமனைப் பதிவேடு, ஆபரேஷன் செய்த டாக்டர், கூட வேலை செய்தவர்கள், சேட்டின் சொத்து எல்லாம் இங்கே இருக்கின்றன. சாட்சி சொல்லத் திருநெல்வேலிக்கு யாரும் ரயில் ஏற மாட்டார்கள். அவர் ஊருக்குப் போகட்டும், சாட்சியத்துக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் வந்தால் போதும். மற்ற வாய்தாக்களை வக்கீல் பார்ப்பார். வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் விண்ணப்பியுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 'கிடைப்பதில் முப்பது சதவீதம் எனக்கு' என்று வீடு தேடி வரும் ஏஜென்டுகளிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். இழப்பீட்டுப் பணத்தை இன்னொருவர் பெயருக்கு எழுதிக்கொடுப்பது 9ஆவது பிரிவுப்படி செல்லாது, கடன்காரரும் அதை ஜப்தி செய்ய முடியாது. உங்கள் கணவர் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கி, பாஸ்புக் நகலை வக்கீலிடம் கொடுத்து வையுங்கள்.